கொக்கு மரத்து நிழற்குடை

எங்கள் ஊர் நிறுத்தத்தில் முதல் தடவையாகப் பேருந்தை விட்டு இறங்குகிறவர்கள் அண்ணாந்து வானத்தைப் பார்ப்பார்கள். ஒரு பொட்டு மேகம் இருக்காது. ஆனால் மரத்தடியில் நிற்கிற நாங்கள் அத்தனை பேரும் குடை பிடித்துக்கொண்டு நிற்போம். "என்னங்க, வெயிலுக்கா?" என்று ஒருவர் கேட்டு முடிப்பதற்குள் பதில் மேலிருந்து அவர் தோளிலேயே விழுந்துவிடும். எதிரே டீக்கடை வைத்திருக்கும் பாய், இதற்கென்றே ஒரு வாளித் தண்ணீரும் பழைய துண்டும் வாசலில் வைத்திருந்தார். துண்டு பெரும்பாலும் ஈரமாகத்தான் இருக்கும்.

மரம் தூங்குமூஞ்சி மரம். காரைக்காலிலிருந்து அம்பகரத்தூர் போகிற பேருந்து எங்கள் ஊரில் நிற்கிற இடத்தில், சாலையின் இரண்டு பக்கத்தையும் மூடிக்கொண்டு நிற்கிறது. ஐப்பசியில் மழை பிடித்ததும் கொக்கும், வக்கா என்கிற இராக்கொக்கும், நீர்க்காகமும் அதில் கூடு கட்ட வந்துவிடும். பங்குனி வரைக்கும் நகராது. ஏன் நகரும்? சுற்றிலும் வயலும் வாய்க்காலும் குளமும். தீனிக்குப் பஞ்சமே இல்லை. தின்பதெல்லாம் வயலில், கழிப்பதெல்லாம் எங்கள் தலையில்.

நான் பிறந்தது விழிதியூர். இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, அரக்குப் பட்டுப் புடவையில் தலை குனிந்தபடி காரை விட்டு இறங்கியபோது என்னை முதலில் ஆசீர்வதித்தது ஒரு வக்காதான். "நல்ல சகுனம்" என்று பெண்டுகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கும் அந்த மரத்துக்கும் ஆகாது.

பிறகு தலத்தெருவில் ஒரு பள்ளியில் அலுவலக வேலை கிடைத்தது. சீருடைப் புடவை வெளிர் நீலம். எந்தக் கறையும் ஒளிந்துகொள்ள முடியாத நிறம். குடை பிடித்தாலும் முந்தானை வெளியே இருக்கும். முந்தானையை இழுத்தால் பை வெளியே போகும். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். தினம் காலையில் இப்படி ஒரு அபிஷேகம் நடந்தால் சாந்தமா வரும்?

ஆகவே ஊருக்கு ஒரு நிழற்குடை வேண்டும் என்று கேட்க ஆரம்பித்ததில் முதல் குரல் என்னுடையது. கொம்யூன் பஞ்சாயத்தில் மனு கொடுத்தோம். எங்களுக்கு முன்னால் பல ஊர்கள் வரிசையில் நின்றன. அது நியாயம்தான், வரிசை என்றால் நிற்கத்தான் வேண்டும். ஆனால் நிற்கிற இடத்தில் தலைக்கு மேல் கொக்கு இருக்கக் கூடாது.

ஊர்க் கமிட்டி கூடியது. தலைவர் என் மாமனாரின் தம்பி. எனக்குச் சின்ன மாமனார், சின்ன மாமா என்று கூப்பிடுவேன். நல்ல மனிதர், வாரி வழங்குகிற கை. அவருக்கு ஒரே ஒரு பலவீனம், விழா. இந்த ஊருக்குள் புதிதாக எது வந்தாலும் எல்லையிலேயே நிறுத்தி, மாலை போட்டு, மேளத்தோடு நடத்திக் கூட்டிவர வேண்டும் அவருக்கு. கதிர் அறுக்கிற மிஷின் முதல் முதலாக வந்தபோது அதற்கும் மாலை விழுந்தது. மின்சார டிரான்ஸ்பார்மருக்குத் தவில் வாசித்த ஊர் இந்த ஜில்லாவிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

"மரத்தை ஏலம் விட்டுருவோம்" என்றார் அவர். "அந்தக் காசுல கூரை போட்டுக்கலாம். கொக்கும் போயிரும், வெயிலும் போயிரும். என்ன சொல்றீங்க?"

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டியிருப்பேன். ஆனால் மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதையாக இருக்கிறதே என்று ஏதோ உறுத்தியது. அந்த மரம் போனால் சாலை மொட்டையாகிவிடும். சித்திரை வெயிலில் தார் உருகுகிற சாலை அது. தவிர, அந்த வாரம்தான் பள்ளி அலுவலகத்தில் செய்தித்தாளைப் புரட்டும்போது ஒரு விளம்பரம் கண்ணில் பட்டிருந்தது. புதுச்சேரியில் இருக்கிற ஓர் அறக்கட்டளை மானியம் தருகிறது. ஊருக்கு ஒரு பொது வசதி, அதே ஊரில் காட்டுயிர்களைக் காப்பாற்ற ஒரு வேலை. இரண்டையும் சேர்த்துச் செய்கிற ஊருக்குத்தான் பணம்.

இதைச் சபையில் சொன்னேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம்தான் சிக்கல் வந்தது. காட்டுயிருக்கு எங்கே போவது?

"நம்ம ஊர்ல ஏது காடு?" என்றார் ஒருவர். "கீரிப்பிள்ளை இருக்கு" என்றார் இன்னொருவர். குளத்தங்கரையில் சாரைப் பாம்பு இருக்கிறது, அதைக் காட்டலாமா என்று ஒரு யோசனை. சின்ன மாமா மயில் வாங்கி விடலாம் என்று ஆரம்பித்துவிட்டார். இதையெல்லாம் கேட்டுக்கொண்டே டீ கொண்டுவந்த பாய் தட்டைக் கீழே வைத்தார்.

"கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையிறீங்களே. என் கடைக்கு மேல குடித்தனம் பண்ணுதே, அதெல்லாம் என்னவாம்?"

பாய் துறைமுகப் பக்கத்து வியாபாரக் குடும்பம். அரபு நாட்டில் பல வருஷம் உழைத்துவிட்டு வந்து எங்கள் ஊரில் கடை போட்டவர். ஊரில் மரத்தால் அதிகம் நஷ்டப்பட்டவரும் அவர்தான். பாலுக்கு மூடி, வடைக்கு மூடி, பாய்லருக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. அவரே அப்படிச் சொன்னதும் சபையில் சிரிப்பு கிளம்பி அடங்க வெகு நேரம் ஆயிற்று.

தீர்மானம் இப்படி ஆனது: மானியத்துக்கு எழுதிப் பார்ப்பது. எழுதுகிற பொறுப்பு என் தலையில். பங்குனிக்குள் மானியம் வராவிட்டால் மரவியாபாரியைக் கூப்பிடுவது. சின்ன மாமா அப்போதே வியாபாரியிடம் பேசியும் வைத்துவிட்டார்.

எனக்குப் பறவைகள் மேல் பாசம் ஒன்றும் கிடையாது. பாசமெல்லாம் கூரை மேல்தான். ஆனால் அறக்கட்டளை சும்மா விடுமா? என்னென்ன பறவை, எங்கே கூடு, குஞ்சுகள் கீழே விழுகின்றனவா, விழுந்தால் என்ன செய்கிறீர்கள் என்று வக்கீல் போலக் கேட்டிருந்தது. தெரியாததை எப்படி எழுதுவது? பேருந்துக்காக நிற்கிற நேரத்தில் குடையைக் கொஞ்சம் சாய்த்து மேலே பார்க்க ஆரம்பித்தேன்.

பார்த்தால் அது ஒரு தெரு. எங்கள் தெருவைவிட மோசமான தெரு. மேற்குக் கிளையில் ஒரு நீர்க்காகம், பக்கத்து வீட்டுக்காரர் வெளியே போனதும் அவர் கூட்டிலிருந்து குச்சியை உருவித் தன் கூட்டில் செருகும். அவர் திரும்பி வந்தால் ஒன்றும் தெரியாததுபோல வேறு பக்கம் பார்க்கும். ஒரு கொக்கு ஜோடி, புருஷன் கொண்டுவருகிற ஒவ்வொரு குச்சியையும் பெண்டாட்டி வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டுவிடும். அவரும் மறுபடி பறப்பார். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அவரு பாவம்" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

வக்காக்கள் வேறு ரகம். சிவந்த கண்ணோடு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, பகலெல்லாம் வட்டிக்குக் கொடுத்தவர் மாதிரி உட்கார்ந்திருக்கும். குஞ்சு பொரித்ததும் அந்த மிடுக்கெல்லாம் போய், நாலு வாய்க்கு ஓடி ஓடித் தீனி கொண்டுவரும். எனக்கு அவற்றின் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. தினம் பார்த்ததைப் பாயிடம் சொல்வேன். அவர் டீ ஆற்றிக்கொண்டே அடுத்த பாகத்தைச் சொல்வார். நான் வேலைக்குப் போன பிறகு மரத்தில் நடப்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். "தங்கச்சி, அந்தத் திருட்டு நீர்க்காகத்த நேத்து பக்கத்து வீட்டுக்காரங்க அடிச்சுப் போட்டாங்க, தெரியுமா?" என்று ஆரம்பித்தால் பேருந்து வந்ததே தெரியாது. ஒருநாள் வந்த பேருந்தையே விட்டுவிட்டேன்.

எழுதி அனுப்பினோம். சாலையின் மறுபக்கம், கொஞ்சம் தள்ளி, கிளை கவியாத இடத்தில் சாய்வான கூரையோடு நிழற்குடை. உட்காரத் திண்டு. பறவைகளுக்காக, கிளை வெட்டுவதில்லை என்ற ஊர்க் கட்டுப்பாடு. கூட்டிலிருந்து விழுகிற குஞ்சைத் தாங்குவதற்கு மரத்தடியில் உயரக் கட்டுகிற வலை. வலை யோசனை பாயுடையது. அவர் மச்சான்மார் வீடு கடற்கரையில். பழைய வலைக்குப் பஞ்சமில்லை.

மாசி பிறந்ததும் பதில் வந்தது. எங்கள் திட்டம் பிடித்திருக்கிறது. ஒருவர் நேரில் வந்து கூடுகளைப் பார்ப்பார். அவர் எழுதுவதை வைத்து முடிவு செய்வோம் என்று.

அன்று சாயங்காலமே ஊர் மாறிவிட்டது. மானியக்காரர் வருகிறார்! சின்ன மாமாவின் முகத்தில் பத்து வயது குறைந்தது. வீதியெல்லாம் கூட்டச் சொன்னார். மரத்தின் அடியில் காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்தார்கள். நான் மாவிலைத் தோரணம் கட்டினேன். அரசலாற்றுப் பக்கத்திலிருந்து வாழைக்கன்று வந்தது. விருந்தாளிக்குப் போர்த்துவது பட்டுச் சால்வையா பருத்திச் சால்வையா என்று நானும் சின்ன மாமாவும் நெடுநேரம் வாதாடினோம். கேசரியில் முந்திரி போதுமா என்பதுவரை பேசினோம். அம்பகரத்தூரிலிருந்து மேளத்துக்குச் சொல்லியாயிற்று, அதிர்வேட்டுக்காரருக்கும் சொல்லியாயிற்று. வருகிறவர் எதைப் பார்க்க வருகிறார் என்பதை மட்டும் எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை. குஞ்சுகளுக்குப் பேர் வைக்காத குறையாகத் தினம் பார்த்துக்கொண்டிருந்த நானும் நினைக்கவில்லை. விருந்தாளி என்றால் மேளம். எங்களுக்கு அதற்குமேல் யோசிக்கத் தெரியாது.

அந்தக் காலை நல்ல வெயில். ஊர் முழுக்க எல்லையில், மரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் நின்றது. சின்ன மாமா கையில் மாலை. தூரத்தில் ஒரு வெள்ளைக் கார் தெரிந்தது.

"வந்துட்டாங்க! வாசிங்கப்பா!"

தவில் இடித்தது. நாதஸ்வரம் எழுந்தது. அதிர்வேட்டு ஒன்று பூமி அதிர வெடித்தது, அடுத்தது அதைவிடப் பலமாக. காரிலிருந்து இறங்கியவருக்கு மாலை விழுந்தது. அவர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு மிரண்டுபோய் நின்றார். அவர் பக்கத்து ஊருக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போய்க்கொண்டிருந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. மாலையைத் திருப்பித் தருவதா வைத்துக்கொள்வதா என்று கடைசிவரை அவருக்குப் புரியவில்லை.

நான் திரும்பி மரத்தைப் பார்த்தேன். அதற்கு மேலே வானம் வெள்ளையும் கறுப்புமாகக் கலங்கிக்கொண்டிருந்தது. கொக்கு, வக்கா, நீர்க்காகம், ஒன்று பாக்கி இல்லை. கத்திக்கொண்டே எழும்பி, வயலைத் தாண்டி, குளத்தைத் தாண்டிப் போய்விட்டன. "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று ஓடினேன். தவில் சத்தத்தில் என் குரல் எங்கே கேட்கும்? பாய்தான் குறுக்கே பாய்ந்து தவிலைக் கட்டிப்பிடித்து நிறுத்தினார்.

மரத்தடிக்கு ஓடினோம். மேலே குஞ்சுகள் மட்டும். பயத்தில் அவை தின்றதையெல்லாம் கக்கிக்கொண்டிருந்தன. மரத்தடியில் எடுத்து வைத்திருந்த கேசரித் தட்டில் ஒரு தவளை. பட்டுச் சால்வையில் பொடிமீன். அதன் நடுவே, கழுத்தில் தூரநோக்கியும் தோளில் துணிப்பையுமாக, முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நாங்கள் காருக்குக் காத்திருந்தபோது அவள் பேருந்தில் வந்து இறங்கியிருக்கிறாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"இவ்வளவு பேர் இருக்கீங்க" என்றாள். கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "ஒருத்தருக்குக்கூடத் தோணலையா?"

சின்ன மாமா சால்வையை எடுத்துப் பின்னால் மறைத்துக்கொண்டார். "இல்லம்மா, உங்களுக்கு ஒரு மரியாதையா இருக்கட்டுமேன்னு..."

"எனக்கு எதுக்குங்க ஐயா மரியாதை?" மேலே கை காட்டினாள். "வெயில் ஏறுது. குஞ்சுகளுக்கு இன்னும் சரியா இறகு வரலை. தாயோ தகப்பனோ இறக்கையை விரிச்சு நின்னு நிழல் குடுத்தாத்தான் அதுங்க தாங்கும். உச்சி வெயிலுக்குள்ள பெரிசுங்க திரும்பி வரணும். வரலைன்னா ஒண்ணும் மிஞ்சாது."

"மானியம்?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

"அதை அப்புறம் பேசலாம். நான் பார்த்ததைத்தான் எழுதுவேன். இப்ப எல்லாரும் மரத்தை விட்டுத் தள்ளிப் போங்க. சத்தமே கூடாது."

உள்ளதும் போச்சு என்று அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் அந்த நிமிஷம் எனக்கு நிழற்குடை நினைவு வரவில்லை, சத்தியமாக வரவில்லை. நிழலுக்காக இத்தனை வருஷம் கத்தியவள் நான். மேலே குஞ்சுகள் நிழல் இல்லாமல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. பாய் சொன்ன வலையை முன்பே கட்டியிருந்தோம், நல்ல வேளை. விழுந்த ஒரு வக்காக் குஞ்சு அதில் கிடந்தது. அந்தப் பெண் அதை எடுத்துத் துணியில் சுற்றிப் பாய் கடையின் நிழலில் வைத்தாள்.

எங்கள் ஊர் அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. துக்க வீட்டில்கூடச் சத்தமாகத்தான் துக்கப்படுவோம். அன்றைக்கு இருந்தோம். பாய் பாய்லரை அணைத்தார், ரேடியோவை நிறுத்தினார். மேளக்காரர்கள் தவிலை வேட்டியால் மூடிக்கொண்டு வாய்க்கால் சரிவில் போய் உட்கார்ந்தார்கள். பெண்டுகள் கொலுசைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார்கள். ஒரு டிராக்டர் வந்தது. நான்கு பேர் ஓடிப்போய் அதைத் தூரத்திலேயே அணைத்துப்போட வைத்தார்கள்.

பெரிய பயம் பேருந்துதான். அந்தச் சாலையில் ஓடுகிற ஒரு வண்டியின் ஏர்ஹாரன் கேட்டால் செத்தவரும் எழுந்து உட்காருவார். அது வருகிற நேரம். நான் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வளைவில் நடுச்சாலையில் போய் நின்றேன். பிரேக் போட்டு நிறுத்திய ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏம்மா, சாவுறதுக்கு எங்க வண்டிதான் கெடச்சுதா?"

வாயில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என்ன, எதுவும் எழவா?"

"ஆகாம இருக்கணும்னுதாங்க. ஹாரன் அடிக்காதீங்க. விசிலும் வேண்டாங்க. அந்த மரத்த மெதுவாத் தாண்டிருங்க, புண்ணியமாப் போவும்."

அவர் என்னைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், ஊரே வாய் பொத்தி நிற்பதைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, வண்டியை ஊர்ந்தபடி நகர்த்தினார். நடத்துநர் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாகக் கையாட்டினார். எங்கள் ஊருக்கு இறங்கியவர்கள் காரணம் தெரியாமலே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிய சிரிப்பு கண்ணில் தண்ணீராக வந்தது.

வெயில் ஏறிக்கொண்டே போனது. சின்ன மாமா கடையின் ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் நான் உட்கார்ந்ததே இல்லை. அன்று பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

முதலில் ஒரு கொக்கு வந்தது. மரத்தைச் சுற்றியது. நாங்கள் மூச்சைப் பிடித்தோம். அது போய்விட்டது. பாய் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓதினார். கொஞ்ச நேரத்தில் அதே கொக்கு இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வந்தது. பெண்டாட்டியாக இருக்க வேண்டும். கிளை நுனியில் இறங்கி, கழுத்தை நீட்டி எங்களை ஒருமுறை நன்றாகப் பார்த்தது. பிறகு உள்ளே போயிற்று. அதன் பின்னால் ஒரு நீர்க்காகம். அப்புறம் குளத்துப் பக்கமிருந்து வரிசையாக, ஒவ்வொன்றாக, வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் போல வந்துகொண்டே இருந்தன.

அந்தப் பெண் தூரநோக்கியைச் சின்ன மாமாவிடம் நீட்டினாள். அவர் தலைகீழாக வைத்துப் பார்த்துவிட்டு, "ரொம்பத் தூரத்துல தெரியுதேம்மா" என்று கிசுகிசுத்தார். அவள் சிரித்துவிட்டாள், காலையிலிருந்து முதல் சிரிப்பு. திருப்பி வைத்து, ஒரு வக்காக் கூட்டுக்கு நேராகப் பிடித்துக் கொடுத்தாள். நான் வெறுங்கண்ணால் பார்த்தேன். தாய் வக்கா கூட்டின் விளிம்பில் நின்று, வெயில் பக்கம் முதுகைக் காட்டி, இறக்கை இரண்டையும் மெல்ல விரித்தது. நாலு குஞ்சும் அதன் கீழே நகர்ந்து ஒண்டிக்கொண்டன.

சின்ன மாமாவின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி எனக்குத் தெரியும். டிரான்ஸ்பார்மர் வந்த அன்று பார்த்தது, மிஷின் வந்த அன்று பார்த்தது. வலது கை வாய்க்கால் சரிவுப் பக்கம் உயர்ந்தது, மார்பு விரிந்தது, வாய் திறந்தது. அங்கே தவில்காரர் பழக்க தோஷத்தில் வேட்டியை விலக்கிக் குச்சியை எடுத்துவிட்டார்.

நான் பாய்ந்து சின்ன மாமாவின் வாயை இறுக்கிப் பொத்திவிட்டேன்.

ஊரே பார்த்தது. மாமனார் முறைக்காரர் எதிரே வந்தால் தலைப்பை இழுத்துவிட்டு ஒதுங்குகிற ஊர். அவர் கண்கள் என் உள்ளங்கைக்கு மேலே உருண்டன. ஒரு கணம் கோபம். அடுத்த கணம் அந்த உடம்பு முழுக்கக் குலுங்க ஆரம்பித்தது. என் கைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். அது அப்படியே பரவியது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டவர்கள், ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் குதித்தவர்கள், இரண்டு கையையும் காற்றில் மட்டும் தட்டியவர்கள். பாய் துண்டைத் தலைக்கு மேலே சுழற்றினார். தவில்காரர் குச்சியைத் தவிலில் படாமல் வெறும் காற்றிலேயே ஒரு தனி ஆவர்த்தனம் வாசித்து முடித்தார். இத்தனை கோயில் திருவிழா பார்த்திருக்கிறேன். அவ்வளவு ஆனந்தத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

அந்தப் பெண் மாலைவரை இருந்தாள். கேசரியைத் தொடவில்லை, நியாயம்தான். பாய் பாய்லரை மூட்டிப் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்தாள். விழுந்த குஞ்சை ஒரு நீளக் கழியின் நுனியில் கூடை கட்டி மேலே சேர்த்தோம். போகும்போது என்னிடம் சொன்னாள்: "நீங்க பண்ணின கூத்தையும் எழுதத்தான் வேணும் அக்கா. அதுக்கப்புறம் நடந்ததையும் எழுதுவேன். முடிவு என் கையில இல்லை."

மாசி போனது. பதில் வரவில்லை. பங்குனி பிறந்தது. குஞ்சுகளுக்கு இறகு முளைத்து, கிளைக்குக் கிளை தாவி விழப் பழகிக்கொண்டிருந்தன. கூத்தை எழுதிய பக்கம்தான் அவர்கள் கண்ணில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளியில் தபால்காரர் வரும்போதெல்லாம் எழுந்து நிற்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

ஒரு காலையில் நான் பேருந்துக்கு நிற்கும்போது மரவியாபாரி வந்தார். சொன்ன தவணைக்குச் சரியாக வந்துவிட்டார். கூட ஒரு ஆள், கையில் அளக்கிற நாடா. அடிமரத்தைச் சுற்றி நாடாவைப் போட்டார்கள். கமிட்டி போட்ட தீர்மானம். எந்த வாயால் தடுப்பேன்? பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

சின்ன மாமா சைக்கிளில் வந்து இறங்கினார். வியாபாரி வணக்கம் சொன்னார்.

"பாத்துட்டங்க. நல்ல மரம். நீங்க சொன்ன ரேட்டுக்கு மேலேயே போட்டுத் தர்றேன். நாளைக்கே ஆள் விடட்டுமா?"

சின்ன மாமா அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். என்னிடம் கேட்பார் என்று நினைத்தேன், கடிதம் வந்ததாம்மா என்று. கேட்கவில்லை.

"இல்லிங்க. உங்கள அலைய வச்சதுக்கு மன்னிச்சுக்கணும்" என்றார். "அதுல ஆளுங்க குடியிருக்காங்க. குழந்த குட்டியோட இருக்காங்க. காலி பண்ணச் சொல்ல முடியாது."

வியாபாரி மேலும் கீழும் பார்த்துவிட்டு நாடாவைச் சுருட்டினார். பாய் அவருக்கு ஒரு டீ கொடுத்தார், காசு வாங்கவில்லை. என் பேருந்து வந்தது, நான் ஏறவில்லை. சின்ன மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, சட்டை முதுகில் புதிதாக விழுந்த கறையோடு, வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

மானியம் கிடைத்தது என்ற கடிதம் சித்திரையில்தான் வந்தது. மரத்தைத் தர முடியாது என்று சின்ன மாமா வியாபாரியிடம் சொன்ன அன்றைக்கு, கூரைக்கு வேறு எந்த வழியும் எங்களிடம் இருக்கவில்லை.